மாமியாரைப் பார்த்துக்கொள்வதால் பூசைக்குப் போக முடியவில்லை, செபமும் ஓடவில்லை. என்ன செய்வது?

முத்துநகர் மருமகள்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இங்கே ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. 78 வயது. கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில்தான். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். வீட்டில் நானும் அத்தையும்தான். காலையில் உடம்பைத் துடைத்து, டயபர் மாற்றி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்தால் ஒரு டம்ளர் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும், அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும் அப்படித்தான்.

அத்தை விடிகாலைப் பூசையை விடாதவர்கள். பனிமய மாதா திருவிழா வந்தால், ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் வீட்டில் அவர்களைப் பார்ப்பதே அபூர்வம். நானும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்களோடுதான் கோவிலுக்குப் போய்ப் பழகினேன். இப்போது ஞாயிறு பூசைக்கே போக முடியவில்லை. யாரையாவது ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னால் பயப்படுகிறார்கள், புரை ஏறினால் என்ன செய்வது என்று. டிவியில் பூசை ஓடும், ஆனால் காணிக்கை நேரத்தில் டயபர், நற்கருணை நேரத்தில் மருந்து என்று பாதி பார்ப்பதே இல்லை. ராத்திரி செபமாலை எடுத்தால் இரண்டாவது தேவ இரகசியம் வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். முழித்துப் பார்த்தால் மணி கையிலேயே இருக்கும்.

போன வாரம் அன்பியத்திலிருந்து, அதாவது பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவிலிருந்து, ஒருவர் வந்து, கூட்டத்துக்கும் வருவதில்லை, பூசையிலும் காணோம், ஆண்டவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். ஆனால் அன்றையிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நோயாளியில் இயேசுவைப் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ராத்திரி மூன்று மணிக்குப் படுக்கை விரிப்பை மாற்றும்போது எனக்கு இயேசு தெரியவில்லை, தூக்கமும் எரிச்சலும்தான் தெரிகிறது. இது செபம் ஆகுமா? பூசைக்குப் போகாதது பாவமா? சாமியாரிடம் கேட்க வேண்டியதுதான், ஆனால் அவரைப் பார்க்கவும் கோவிலுக்குத்தானே போக வேண்டும்.

பழைய உபதேசியார்

மகளே, முதலில் பாவமா இல்லையா என்பதை முடித்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பாரம் மனசில் இருக்கும்வரை மற்ற எதுவும் உள்ளே போகாது. பாவம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எண் 2181ஐ யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிறு கடமையிலிருந்து விலக்களிக்கும் பெரிய காரணங்களுக்கு உதாரணமாக நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும்தான் சொல்லியிருக்கிறது. தனியே விட்டுவர முடியாத நோயாளி உங்களுடையவர். திருச்சபைச் சட்டம் 1248, இரண்டாவது பிரிவு, பூசைக்குப் போக முடியாத கட்டாயம் வந்தால் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடும்படி பரிந்துரைக்கிறது. அவ்வளவுதான். டிவி பூசை பாதியில் விட்டுப்போனால் அதற்காக மனம் புழுங்க வேண்டாம்.

ஆனால் நன்மை, அதாவது நற்கருணை, வாங்காமல் இருப்பதை அப்படியே விட்டுவிடக் கூடாது. நம் பக்கத்துப் பங்குக் கோவில்கள் பலவற்றில் முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அத்தை பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும்போது உங்களுக்கும் கொடுக்கலாம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சாமியாருக்கு நேரம் இல்லாவிட்டால் சிஸ்டர்களோ, நற்கருணை கொடுக்க அனுமதி பெற்ற பொதுநிலையினரோ வரலாம். அப்புறம், நன்மை வாங்க ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சட்டம் 919 அதிலிருந்து வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு, அவர்களைப் பராமரிப்பவர்களையும் அதோடு சேர்த்தே சொல்கிறது. நோயாளிக்கு ஊட்டிவிட்டு, கிடைத்த இடைவெளியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஒருத்தியை நினைத்து எழுதிய வரி அது. எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் மனசு நிறையும்.

சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தாயிற்றா? நம் ஆட்கள் அதைச் சாகும் நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்துப் பயப்படுகிறார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தாலே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தி அமைத்தார். கடும் நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ இருப்பவர் யாரும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அத்தை அறிவோடு இருக்கும்போதே கொடுப்பது நல்லது.

உங்களிடம் அப்படிக் கேட்டவரை மன்னித்துவிடுங்கள். அடுத்த தடவை வந்தால் உள்ளே கூப்பிட்டு அத்தை பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வார்டு நர்ஸ்

அக்கா, நான் நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிறவள். செபத்தைப் பற்றிச் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கும். இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்துப் பேச வராது, தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல வராது. ஆனால் வாழ்நாள் முழுக்க வாயில் ஊறிப்போனவை, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, பழைய பாட்டு, மனப்பாடமான செபம், இவை சில பேருக்கு அப்படியே தங்கியிருக்கும். நாம் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் மீதியை அவர்கள் சொல்லிவிடுவார்கள். எல்லாருக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் விடிகாலைப் பூசைக்கு அத்தனை வருடம் போன ஒரு அம்மாவிடம் இதை முயற்சி பண்ணாமல் விடக் கூடாது. டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாக, பாதி மந்திரத்தை நீங்கள் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். பதில் வர நேரம் எடுக்கும்.

ராத்திரிச் செபமாலையை விட்டுவிடுங்கள் அக்கா, அந்த நேரத்தில் உங்கள் உடம்பு அதற்குத் தயாராக இல்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒரு அருள் நிறைந்த மரியே, அந்தப் பக்கம் தலையணை வைக்கும்போது இன்னொன்று. சத்தமாகச் சொல்லுங்கள், அத்தைக்கும் கேட்கட்டும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது புரட்டப் போகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுத் தொடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா! பேச முடியாதவர்களை மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவதை நான் தினமும் பார்க்கிறேன், அவர்கள் கண்ணில் வரும் பயத்தையும் பார்க்கிறேன். அப்புறம், இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவந்திருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், புண் சீக்கிரம் வரும். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எரிச்சல் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தூக்கம் இல்லாத உடம்புக்கு எரிச்சல் வரத்தான் செய்யும், அதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் கொடுக்கிறார்கள், 2021லிருந்து நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று அவர்கள் வரும்போது மகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பயம் போனால்தான் ஆட்கள் உட்காருவார்கள்.

ஞாயிறு மறைக்கல்வி டீச்சர்

செபத்தில் தூங்கிவிடுகிறேன் என்று வருத்தப்படும் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சின் லிசியே நகரத்துப் புனித குழந்தை தெரேசாவும் தூங்கினார். கார்மேல் கன்னியர் மடத்தில் தியான நேரத்திலும், நன்மை வாங்கியபின் நன்றி சொல்லும் நேரத்திலும் தூக்கம் வந்துவிடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்காகக் கலங்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் முழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று நினைத்துக்கொண்டார். 24 வயதில், 1897 செப்டம்பர் 30ஆம் தேதி காசநோயில் இறந்த அந்தப் பெண்ணை 1997இல் இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மறைவல்லுநர் வரிசையில் சேர்த்தார்.

உங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமான சம்பவம் ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு. மடத்தில் புனித பேதுரு என்ற பெயருடைய வயதான சகோதரி ஒருவர் இருந்தார், நடக்க முடியாதவர். மாலைத் தியானத்தின்போது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் யாராவது தியானத்தை விட்டு எழுந்து அவரை உணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசா அப்போது புதிதாகச் சேர்ந்த இளம்பெண், முன்வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். கிழவி மணற்கடிகாரத்தை ஆட்டினால் புறப்படலாம் என்று அர்த்தம். பின்னால் நின்று இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால், என்னை விழத்தள்ளப் பார்க்கிறாய் என்று திட்டு. மெதுவாக நடந்தால், உன் கை என்மேல் இருக்கிறதா இல்லையா, நீ சின்னப்பெண், உனக்கு இந்த வேலை ஆகாது என்று நான் அப்போதே சொன்னேனே என்று திட்டு. உணவறையில் உட்கார வைத்து, சட்டைக் கையை அவர் சொல்லும் விதத்திலேயே மடித்துவிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது, போய்விடலாம். ஆனால் கிழவி ரொட்டியைத் துண்டு போட முடியாமல் திணறுவதை தெரேசா பார்த்துவிட்டார். யாரும் சொல்லாமலே தினமும் நின்று அதையும் நறுக்கிக் கொடுத்து, ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போனார்.

யோசித்துப் பாருங்கள், தியானத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் தினமும் அவர் எழுந்து போயிருக்கிறார். மனசுக்குள் எரிச்சல் வந்திருக்காதா? எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் இந்த வாய்ப்பை விடக் கூடாது என்றுதான் போனேன் என்று எழுதுகிறார். பிடித்துச் செய்தால்தான் அன்பு என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொன்று. நோயாளியில் இயேசு தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். வலப்பக்கம் நிற்பவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஆண்டவரே, உம்மை எப்போது பசித்தவராகக் கண்டோம், எப்போது நோயுற்றிருக்கப் பார்த்தோம் என்றுதானே. அவர்களுக்கும் தெரியவில்லை. பசித்த ஒரு ஆள் தெரிந்தார், சோறு போட்டார்கள். ஆண்டவர் அதை வாங்கிக்கொண்டார். தெரிந்தால்தான் கணக்கு என்று அந்த உவமையில் எங்குமே இல்லை.

மதுரை வின்சென்சியன்

மேலே எழுதியவர்கள் எல்லாரும் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு இடத்தில் நான் உடன்படவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். வேலையே செபம் என்பதை நான் முழுசாக ஏற்க மாட்டேன்.

புனித வின்சென்ட் தே பவுலைத்தான் எல்லாரும் இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். செப நேரத்தில் ஏழையோ நோயாளியோ கூப்பிட்டால் செபத்தை விட்டு எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்று பிறரன்பின் புதல்வியர் சகோதரிகளிடம் அவர் சொன்னது உண்மைதான். 1633இல் லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து அந்தச் சபையைத் தொடங்கியபோது கன்னியர் என்றால் மதில் சுவருக்குள் இருப்பவர்கள் என்றுதான் பிரான்சில் எல்லாரும் நினைத்தார்கள். நோயாளிகளின் வீடுகளே உங்கள் மடம், ஊர்த் தெருக்களே உங்கள் உள்முற்றம் என்றார் இவர். ஆனால் அதே சகோதரிகள் அவர் கொடுத்த ஒழுங்குப்படி காலை 4 மணிக்கு எழுந்து தியானம் செய்தவர்கள். கூப்பிட்டால் விட்டுப் போவதற்குக் கையில் ஒரு செபம் இருந்தது. அந்த நேரமே நமக்கு இல்லாமல் போய்விட்டால் விட்டுப் போக என்ன இருக்கிறது?

அதனால் தங்கச்சி, ஒரு சின்ன நேரத்தை உங்களுக்கென்று பிடித்து வையுங்கள். அத்தை மதியம் தூங்குவார்கள் அல்லவா, அதில் ஐந்து நிமிடம். பாத்திரம் கிடக்கட்டும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் ஆட்களிடம் விடவே கூடாது என்று வற்புறுத்தியது ஆன்ம சோதனையைத்தான். நேற்றிலிருந்து இந்த நேரம் வரை நடந்ததை ஆண்டவர் முன்னால் ஓட்டிப் பார்ப்பது, எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே மனசு கசந்தது என்று. புத்தகம் வேண்டாம், மணி வேண்டாம். அந்த மூன்று மணி எரிச்சலையும் அங்கேயே சொல்லுங்கள், ஆண்டவரே எனக்கு முடியவில்லை என்று சொல்வதும் செபம்தான். சங்கீதங்களில் பாதி அப்படித்தானே இருக்கிறது. நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உங்கள்மேல் உள்ள அக்கறைதான். பல வருடம் பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு ஆண்டவரிடம் பேசவே வராமல் வெறுமையாக நிற்பவர்களை வீடு சந்திக்கப் போகும்போது பார்க்கிறேன்.

உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது, நம் ஊர்ப் பங்குகளில் நிறைய இடத்தில் உண்டு. இரண்டு இரண்டு பேராக வீடு சந்திப்பதுதான் எங்கள் முதல் வேலை. அரிசி பருப்பு கொடுப்பவர்கள் என்று மட்டும் நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். ஞாயிறு ஒரு மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்டால் வரக்கூடியவர்கள் இருப்பார்கள்.

மூத்த நாத்தனார்

எல்லாரும் இந்தப் பெண் எப்படிச் செபிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒருவராவது கேட்டீர்களா, அந்த அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் இல்லையா என்று?

என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நம் வீடுகளில் இரக்கம் எப்போதும் ஒரு மருமகள் தலையில்தான் வந்து விழுகிறது. மற்றவர்கள் போனில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, உனக்கு மோட்சத்தில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். தாய் தந்தையை மதித்து நட என்ற நான்காம் கட்டளை மருமகளுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. பெற்ற பிள்ளைகளுக்குத்தான் முதலில். பசித்தவருக்கு உணவு, நோயாளியைச் சந்திப்பது என்று உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழையும் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம் எல்லாரும்? ஆன்மா சார்ந்த ஏழும் உண்டு, துயரப்படுவோருக்கு ஆறுதல் சொல்வது அதில் ஒன்று. நோயாளிக்கு மட்டுமல்ல, நோயாளியைப் பார்ப்பவளுக்கும் அது பொருந்தும்.

தங்கச்சி, நீ அழுதுகொண்டே கேட்காதே, நேராகக் கேள். வாரம் ஒரு ராத்திரி நீ வந்து படு, நான் தூங்க வேண்டும் என்று கேள். அத்தையின் பிள்ளைகள் உள்ளூரில் இருந்தால் ஆளுக்கொரு ஞாயிறு. வெளியூரில் இருந்தால் ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். இப்படிக் கேட்பது அத்தைமேல் அன்பு குறைந்ததாக ஆகாது. நீ விழுந்துவிட்டால் அத்தையை யார் பார்ப்பார்கள்?

அன்பியத்துக்கும் அதே கேள்விதான். அவர்கள் கூட்டம் மாதம் ஒரு வீட்டில் நடக்கும் அல்லவா? அடுத்ததை உன் வீட்டிலேயே நடத்தச் சொல்.

மன்னார்க்காரி

வணக்கம் அக்கா. அந்தக் கடைசி யோசனைக்கு நானும் கை தூக்குகிறேன். எங்கட பக்கம் ஒக்டோபர் மாதம் செபமாலை வீடு வீடாகப் போகும். சுகமில்லாதவை இருக்கிற வீடு என்றால் அங்கே கட்டாயம் ஒரு நாள் வைப்போம், மாதா சுரூபத்தை அவர்களின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். எங்கட அம்மம்மா நடக்க முடியாமல் கிடந்தபோது மடு மாதா திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் ஆவணி மாதம் முழுக்க வந்து அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். யார் வந்தார்கள், எவ்வளவு சனம், எந்தப் பாட்டு என்று அம்மம்மாவுக்கு எல்லாம் தெரிய வேண்டும். உங்கட மாமிக்கும் அப்படி யாராவது வந்து திருவிழாக் கதை சொல்லட்டும். கோவிலுக்குப் போய்ப் பழகின சீவன், ஒருவரும் வராமல் கிடப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேதனையாக இருக்கும்.

முத்துநகர் மருமகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நர்ஸ் தங்கச்சி சொன்னதைச் செய்து பார்த்தேன். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அருள் நிறைந்த மரியே வாழ்க என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஒன்றும் வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். மகள்தான், அம்மா, பாட்டி வீட்டில் சொல்வது இது இல்லையே, அவர்கள் பழைய மந்திரம்தானே சொல்வார்கள் என்றாள். சரி என்று, பிரியதத்தத்தினாலே என்று தொடங்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உதடு அசைந்தது. பூரண மரியாயே வாழ்க என்று குழறிக் குழறி வந்தது, அடுத்து கர்த்தர் உம்முடனே, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை, பாதி மந்திரம் வரை போய்விட்டார்கள். மகள் சத்தம் போட்டு அழுதுவிட்டாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தை குரலை நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் நான் தொடங்குகிறேன், சில நேரம் அவர்களும் வருகிறார்கள், சில நேரம் வருவதில்லை. மூன்று மணிக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. மதியம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூத்த அக்கா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு உடனே போனை எடுத்துவிட்டேன். என் நாத்தனார் ஒருத்தி உள்ளூரில்தான் இருக்கிறாள். இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலையில் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சென்னையில் இருக்கும் கொழுந்தனிடம் இன்னும் பேசவில்லை, கணவர் கரைக்கு வந்ததும் அவரையே பேசச் சொல்லப் போகிறேன். அன்பியத்துக்காரரிடமும் சொன்னேன், கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று. அவர் சந்தோஷமாகச் சரி என்றார்.

உபதேசியார் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். முதல் வெள்ளிக்கு சாமியார் வருவார். அத்தைக்குக் கெட்டியாக எதுவும் விழுங்க வராது, கஞ்சியைக் கூடப் பதமாகத்தான் கொடுக்கிறேன். நன்மை எப்படிக் கொடுப்பது? அப்பம் நாக்கில் ஒட்டிப் புரை ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய உபதேசியார்

அத்தை குரல் வந்ததை வாசித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன் மகளே. ஆண்டவருக்குத் தோத்திரம்.

பயப்பட வேண்டாம். முழு அப்பமும் கொடுக்க வேண்டியதில்லை, ஒரு சிறு துணுக்கு போதும், அதில் இருப்பதும் முழு இயேசுதான். அத்தைக்கு எந்தப் பதத்தில் தண்ணீர் கொடுக்கிறீர்களோ அதே பதத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வையுங்கள், துணுக்கை அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். அதுவும் இறங்காது என்றால் திரு இரத்தத்தை, அதாவது பூசையில் அர்ப்பணித்த இரசத்தை, மட்டும் ஒரு துளி கொடுக்கச் சட்டம் 925 இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குச் சாமியார் பூசையிலிருந்தே மூடிய பாத்திரத்தில் எடுத்துவர வேண்டியிருக்கும். அதனால் வந்த பிறகு சொல்லாதீர்கள், முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.

கட்டில் பக்கத்தில் சின்ன மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி. ஸ்பூனைத் துடைக்க ஒரு சின்னத் துணியும், கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீரும். சாமியார் வருவதற்கு அரை மணி முன்பே அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்துவிடுங்கள், வாங்கிய பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். நோயில்பூசுதலையும் அன்றைக்கே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நாத்தனாரையும் கூப்பிடுங்கள்.